வரியின் முகப்பிலுள்ள வெற்றிடம்: நிரலும் எடிட்டரும் ஷெல்லும் உள்தள்ளலைப் படிக்கும் விதம்

ஒரு நிரல்வரியின் முதல் எழுத்துக்கு முன்னால் விடப்படும் வெற்றிடத்தை, அதாவது உள்தள்ளலை, மனிதரும் படிக்கிறார், கணினியும் படிக்கிறது. இருவரும் ஒரே விதிப்படி படிப்பதில்லை என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. சி மொழியின் நிரலைக் கணினிக்குரிய வடிவுக்கு மாற்றும் கம்பைலர் அந்த வெற்றிடத்தைப் பொருட்படுத்துவதே இல்லை. பைத்தான் அதை வைத்தே நிரலின் அமைப்பைத் தீர்மானிக்கிறது. நிரலைக் கட்டியமைக்கும் மேக் கருவி படிக்கும் மேக்ஃபைலில் வரியின் தொடக்கத்தில் டேப் இருக்கிறதா என்பதைக் கொண்டு அது கட்டளைவரியா என்பது முடிவாகிறது. அமைப்புகளை எழுதிவைக்கும் யாமல் கோப்பில் உள்தள்ளலுக்கு டேப்பைப் பயன்படுத்தவே கூடாது. கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் பெரும்பாலான இடங்களில் உள்தள்ளலைக் கண்டுகொள்ளாது. ஆனால் கண்டுகொள்ளும் சில இடங்களில் அது தரும் விளைவு மற்ற எல்லாவற்றையும்விடக் கடுமையானது. தரமணியிலோ சிறுசேரியிலோ வேலைசெய்யும் ஒரு பொறியாளர் ஒரே நாளில் இந்த ஐந்து வகைக் கோப்புகளையும் திருத்துவது இன்று இயல்பாகிவிட்டது. ஆகவே "டேப் நல்லதா, இடைவெளி நல்லதா" என்று பொதுவாக விவாதிப்பதைக் காட்டிலும், கையிலிருக்கும் கோப்பில் அந்த வெற்றிடத்தை எந்த மென்பொருள் எப்படிப் படிக்கிறது என்று தெரிந்துகொள்வதே பயன்தரும்.

டேப் என்பது தட்டச்சுப் பொறியிலிருந்து வந்தது. சென்னையின் தட்டச்சுப் பயிற்சி நிலையங்களில் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வரவு செலவுக் கணக்கு போன்ற ஸ்டேட்மெண்ட்டை அடிக்கும்போது, ஒவ்வொரு பத்தியும் எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்று முதலில் கணக்கிட்டு, அந்த இடங்களில் நிறுத்தங்களை அமைத்துக்கொள்வார்கள். பிறகு டேப் விசையை அழுத்தினால் வண்டி அடுத்த நிறுத்தம்வரை ஓடி நிற்கும். அந்த விசைக்கென்று சொந்தமாக ஓர் அகலம் கிடையாது. தாள் இப்போது எங்கே நிற்கிறது, அடுத்த நிறுத்தம் எங்கே இருக்கிறது என்ற இரண்டையும் பொறுத்தே நகர்வின் அளவு அமையும். கணினிக்கு வந்தபோதும் இந்தத் தன்மை மாறவில்லை. எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி குறியீட்டில் இடைவெளிக்கு 32 என்ற எண்ணும் டேப்புக்கு 9 என்ற எண்ணும் தரப்பட்டன. இடைவெளி என்பது ஒரு கட்டம். டேப் என்பது "அடுத்த நிறுத்தத்துக்குப் போ" என்னும் கட்டளை. யூனிக்ஸ் மரபில் நிறுத்தங்கள் 8 கட்டங்களுக்கு ஒன்றாக அமைந்தன. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1978இல் வெளியிட்ட விடி100 முனையமும் 8 கட்டங்களையே இயல்பாகக் கொண்டிருந்தது. டேப்பை இடைவெளிகளாக மாற்றும் எக்ஸ்பேண்ட் கட்டளையும், அதற்கு எதிர்த்திசையில் செயல்படும் அன்எக்ஸ்பேண்ட் கட்டளையும் இன்றும் 8 என்ற எண்ணையே எடுத்துக்கொள்கின்றன.

நிறுத்தத்தின் தூரம் கோப்புக்குள் எங்கும் எழுதப்படுவதில்லை. பார்க்கும் கருவியிடமே அது இருக்கிறது. டேப்பைச் சுற்றி எழுந்த குழப்பங்கள் பலவற்றுக்கும் இதுவே மூலம். 4 கட்டம் என்று அமைத்த எடிட்டரில் ஒருவர் டேப்பையும் இடைவெளியையும் கலந்து எழுதிய நிரல், அவருடைய திரையில் ஒழுங்காகத் தெரியும். 8 கட்டம் கொண்ட முனையத்தில் அடுத்தவர் திறந்தால் வரிகள் முன்னும் பின்னுமாகச் சிதறி நிற்கும். முழுக்க டேப்பால் எழுதினாலும், முழுக்க இடைவெளியால் எழுதினாலும் இப்படி நேராது.

மொழிகள் இந்த வெற்றிடத்தை எடுத்துக்கொண்ட விதங்கள் காலத்தோடு மாறியிருக்கின்றன. துளையட்டைக் காலத்து ஃபோர்ட்ரானில் 80 பத்திகள் கொண்ட அட்டையின் முதல் 5 பத்திகள் வரி எண்ணுக்கும், 6ஆம் பத்தி தொடர்ச்சிக் குறிக்கும், 7 முதல் 72 வரை நிரலுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. கோபால் மொழியில் 8ஆம் பத்தியில் தொடங்குவது ஒன்று, 12ஆம் பத்தியில் தொடங்குவது வேறொன்று. வெளிநாட்டு வங்கிகளின் கோபால் நிரல்களைப் பராமரித்த சென்னைப் பொறியாளர்கள் பலருக்கு இந்தப் பத்திக் கணக்கு கைப்பழக்கமாகவே இருந்தது. அதற்குப் பின் வந்த அல்கால் வழி மொழிகளில் தொகுதியின் எல்லையை அடைப்புக்குறியோ ஒரு சொல்லோ குறித்தது. வெற்றிடம் முழுக்க வாசகருக்கு உரியதாயிற்று.

அப்படி விடப்பட்டதன் ஆபத்தைக் காட்டும் நிகழ்வு 2014 பிப்ரவரியில் வெளிப்பட்டது. பாதுகாப்பான இணைப்புகளைச் சரிபார்க்கும் ஆப்பிள் நிறுவனத்தின் சி நிரலில், "பிழை நேர்ந்தால் இங்கே தாவு" என்னும் ஒரே வரி அடுத்தடுத்து இருமுறை இடம்பெற்றிருந்தது. இரண்டும் ஒரே அளவு உள்தள்ளப்பட்டிருந்ததால், பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் மேலே உள்ள நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவையாகவே தெரிந்தன. அடைப்புக்குறி இல்லாததால் கம்பைலருக்கோ முதல் வரி மட்டுமே நிபந்தனைக்குள் அடங்கும். இரண்டாவது எப்போதும் இயங்கும். விளைவாக, கையொப்பத்தைச் சரிபார்க்கும் பகுதி முழுவதும் தாண்டப்பட்டு, போலிச் சேவையகத்தையும் கருவி நம்பும் நிலை உருவானது. 2016இல் வந்த ஜிசிசி என்னும் கம்பைலரின் 6ஆம் பதிப்பு, உள்தள்ளல் ஒன்றைச் சொல்லி நிரல் வேறொன்றைச் செய்யும் இடங்களில் எச்சரிக்கும் வசதியைச் சேர்த்தது. வெற்றிடத்தைப் பொருட்படுத்தாத மொழியின் கம்பைலர்கூட, மனிதர் அதை எப்படிப் படிப்பார் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டியதாயிற்று.

மறுபக்கத்தில், பீட்டர் லாண்டின் 1966இல் எழுதிய கட்டுரையிலேயே உள்தள்ளலை இலக்கணமாகக் கொள்ளும் விதி முன்வைக்கப்பட்டிருந்தது. கைடோ வான் ராசம் 1989 டிசம்பரில் எழுதத் தொடங்கி 1991இல் வெளியிட்ட பைத்தான், ஏபிசி என்னும் மொழியின் வழியாக அந்த எண்ணத்தைப் பெற்றது. பைத்தான் இதைச் செய்யும் முறை எளிமையானது. அதைத் தெரிந்துகொண்டால் அதன் பிழைச்செய்திகள் பாதி புரிந்துவிடும். நிரலைப் படிக்கும் பகுதி ஓர் அடுக்கை வைத்துக்கொள்கிறது. தொடக்கத்தில் அதில் 0 மட்டும் இருக்கும். புதிய வரியின் உள்தள்ளல் அடுக்கின் மேல் உள்ள எண்ணைவிட அதிகமானால் அந்த எண்ணை மேலே வைத்து, ஒரு தொகுதி தொடங்கியதாகக் குறிக்கும். குறைந்தால், பொருந்தும் எண் வரும்வரை மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, அத்தனை தொகுதிகள் முடிந்ததாகக் குறிக்கும். பொருந்தும் எண்ணே இல்லையென்றால்தான் "வெளியிலுள்ள எந்த நிலையோடும் ஒத்துவரவில்லை" என்ற பிழை எழும். 4, 8 என்று போய்க்கொண்டிருந்த நிரலில் ஒரு வரி 6இல் வந்து நிற்பது இப்படிப்பட்ட பிழை. வளைவு, சதுர, நெளிவு அடைப்புக்குறிகளுக்குள் இருக்கும் வரிகளுக்கு இந்தக் கணக்கு இல்லை.

டேப்பும் இடைவெளியும் கலந்தால் என்ன செய்வது என்பதில் பைத்தான் 2க்கும் 3க்கும் முக்கியமான வேறுபாடு உண்டு. பழையது டேப்பை 8இன் மடங்காக எண்ணிக்கொண்டு பேசாமல் ஓடியது. 4 கட்ட எடிட்டரில் எழுதியவருக்குத் தெரிந்த அமைப்பும் பைத்தான் எடுத்துக்கொண்ட அமைப்பும் வேறாக இருக்க முடிந்தது. பைத்தான் 3 ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை அளக்கிறது: டேப் 8 என்று ஒருமுறை, டேப் 1 என்று ஒருமுறை. இரண்டு கணக்கும் ஒரே முடிவைத் தராவிட்டால் நிரலை ஏற்க மறுக்கிறது. அதாவது, நிறுத்தத்தின் தூரத்தைப் பொறுத்துப் பொருள் மாறக்கூடிய எந்த உள்தள்ளலையும் அது அனுமதிப்பதில்லை. இது மிக நேர்மையான தீர்வு என்பது என் கருத்து.

ஆனாலும் பைத்தானில் பிழைச்செய்தியே தராத தவறு ஒன்று மிஞ்சுகிறது. மாதவாரியான மின்கட்டணத்தைக் கூட்டி முடிவில் தொகையைத் திருப்பித்தரும் செயற்கூறில், திருப்பித்தரும் வரி ஒரு நிலை கூடுதலாக உள்தள்ளப்பட்டு, ஒவ்வொரு மாதத்துக்கும் திரும்பத்திரும்ப ஓடும் வளையத்துக்குள் போய்விட்டால், முதல் மாதத்தின் தொகை மட்டும் விடையாக வரும். இலக்கணப்படி அந்த நிரலில் குற்றமே இல்லை. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 12ஆம் வகுப்புக் கணினி அறிவியல் மாணவர்கள் பைத்தானைப் படிக்கிறார்கள். ஆய்வகத்தில் அவர்கள் தடுமாறும் இடங்களில் இது முக்கியமானது. பிடிஎஃப் கோப்பிலிருந்து நிரலை நகலெடுக்கும்போது இந்தத் தவறு எளிதில் நுழைகிறது. பிடிஎஃப் எழுத்துகளைத் தாளில் அவை நிற்கும் இடத்தோடு சேமிக்கிறதே தவிர, வரியின் முகப்பிலுள்ள இடைவெளிகளை எழுத்துகளாக வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. ஆகவே ஒட்டிய பிறகு உள்தள்ளல் மறைந்துவிடும். மாணவர் அதைத் தம் ஊகத்தால் மீண்டும் அமைப்பார். இணையப் பக்கங்களிலிருந்து ஒட்டும்போது இன்னொரு தொல்லை வரலாம்: குறியீட்டு எண் 160 கொண்ட, வரியை முறிக்காத இடைவெளி. கண்ணுக்கு அது சாதாரண இடைவெளியைப் போலவே தெரியும். பைத்தானுக்கு அது உள்தள்ளலே அல்ல, ஏற்கத்தகாத ஓர் எழுத்து.

மேக் கருவியின் டேப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் அதை எழுதியபோது, கட்டளைவரியை அடையாளம் காண வரித்தொடக்கத்து டேப் எளிய வழியாக இருந்தது. சில வாரங்களிலேயே பத்துப்பன்னிரண்டு பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டதால், அவர்களுடைய கோப்புகளைக் கெடுக்க விரும்பாமல் அப்படியே விட்டுவிட்டதாக அவரே பின்னாளில் விளக்கினார். டேப் இருக்க வேண்டிய இடத்தில் 8 இடைவெளிகள் இருந்தால், பிரிப்பான் காணவில்லை என்று குனு மேக் நின்றுவிடும். 2010இல் வந்த 3.82 பதிப்பிலிருந்து டேப்புக்குப் பதிலாக வேறொரு எழுத்தை அறிவித்துக்கொள்ளலாம். இருந்தும் நடைமுறையில் அதைக் காண்பது அரிது.

ஷெல்லில் உள்தள்ளல்

ஷெல் ஸ்கிரிப்டில் நிபந்தனைக்குள்ளும் வளையத்துக்குள்ளும் வரும் வரிகளை எவ்வளவு தள்ளி எழுதினாலும் ஷெல்லுக்கு ஒன்றே. சொற்களுக்கு இடையில் இருக்கும் வெற்றிடத்தில்தான் அது கண்டிப்பாக இருக்கும்: மாறிக்கு மதிப்புத் தரும் சமக்குறியின் இருபுறமும் இடைவெளி கூடாது, நிபந்தனையைச் சோதிக்கும் சதுர அடைப்புக்குறியை அடுத்து இடைவெளி இருந்தே ஆக வேண்டும், ஏனென்றால் அந்த அடைப்புக்குறியே ஒரு கட்டளை. வரியை உடைத்து எழுத உதவும் எதிர்ச்சாய்கோட்டுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஓர் இடைவெளி தங்கிவிட்டால், சாய்கோடு அந்த இடைவெளியைக் காக்கும், வரிமுடிவைக் காக்காது. கட்டளை அங்கேயே முடிந்து, அடுத்த வரி தனிக் கட்டளையாக ஓடும்.

உள்தள்ளல் நேரடியாகப் பொருள் பெறுவது ஹியர்-டாக்குமென்ட் என்னும் வசதியில். ஸ்கிரிப்டுக்குள்ளேயே பல வரி உரையை எழுதி ஒரு கட்டளைக்கு ஊட்டுவதற்காக << என்ற குறியை இட்டு, ஒரு முடிவுச்சொல்லை அறிவிக்கிறோம். அந்தச் சொல் தனியாக ஒரு வரியில் வரும்வரை உள்ளவை அனைத்தும் உரை. முடிவுச்சொல் வரியின் முதல் கட்டத்திலேயே தொடங்க வேண்டும். அதற்கு முன்னால் ஓர் இடைவெளி இருந்தாலும் ஷெல் அதை முடிவாக ஏற்காது. நிபந்தனைக்குள் அழகாக உள்தள்ளி எழுதிவந்தவர் முடிவுச்சொல்லையும் அதே அழகோடு உள்தள்ளிவிடுவது மிக இயல்பு. அப்போது நிபந்தனையை மூடும் சொல்லும் உரைக்குள் விழுங்கப்பட்டு, கோப்பு எதிர்பாராமல் முடிந்தது என்ற பிழை, தவறு நிகழ்ந்த இடத்திலிருந்து வெகுதூரத்தில், கடைசி வரியில் காட்டப்படும். இதைவிட மோசமான நிலை ஒன்று உண்டு. ஹியர்-டாக்குமென்ட் எந்த நிபந்தனைக்குள்ளும் இல்லாமல் வெளியே இருந்தால், மீதமுள்ள ஸ்கிரிப்ட் முழுவதும் உரையாகிவிடும். பரவலாகப் பயன்படும் ஷெல்லான பாஷ் ஓர் எச்சரிக்கையை மட்டும் எழுதிவிட்டு, உரையைப் பெற்ற கட்டளை வெற்றி பெற்றால் வெற்றி நிலையோடே வெளியேறும். குறித்த நேரத்தில் வேலைகளை இயக்கும் கிரான் வழியாக இரவில் ஓடும் ஸ்கிரிப்டின் பிழைவெளியீட்டைக் குப்பைக்கு அனுப்பும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அங்கே அந்த எச்சரிக்கையையும் யாரும் பார்க்கப்போவதில்லை.

இதற்காகவே <<- என்ற இன்னொரு வடிவம் இருக்கிறது. அது உரையின் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும், முடிவுச்சொல்லின் முன்னாலும் உள்ள டேப்புகளை நீக்கிவிடும். டேப்புகளை மட்டுமே நீக்கும், இடைவெளிகளைத் தொடாது. இடைவெளியால் உள்தள்ளும் குழுவில் இந்த வடிவம் வேலைசெய்யாததற்கும், எஸ்எச்எஃப்எம்டி போன்ற ஒழுங்குபடுத்தும் கருவி ஷெல் ஸ்கிரிப்டுக்கு இயல்பாக டேப்பைத் தேர்வதில் நியாயம் இருப்பதற்கும் காரணம் இதுதான். கூகுளின் ஷெல் நடைவழிகாட்டி 2 இடைவெளிகளை வலியுறுத்தினாலும் இந்த ஓரிடத்தில் டேப்புக்கு விலக்கு அளிக்கிறது. ரூபி 2015 இறுதியில் வந்த 2.3 பதிப்பிலும், பிஎச்பி 2018இல் வந்த 7.3 பதிப்பிலும், எல்லா வரிகளுக்கும் பொதுவான உள்தள்ளலை, அது இடைவெளியாக இருந்தாலும், நீக்கிக்கொள்ளும் வடிவங்களைச் சேர்த்துக்கொண்டன. யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான போசிக்ஸ் தரத்தில் ஷெல்லுக்கு அப்படியொன்று இல்லை.

<<- வடிவத்தில் நுட்பமான ஒரு விஷயம் உண்டு. அது முகப்பிலுள்ள எல்லா டேப்புகளையும் நீக்குவதால், உரைக்குள் இருக்க வேண்டிய உள்தள்ளலையும் டேப்பாலேயே எழுதியிருந்தால் அதுவும் போய்விடும். ஒரு பைத்தான் துண்டையோ யாமல் அமைப்பையோ ஸ்கிரிப்டுக்குள்ளிருந்து எழுத வேண்டுமானால், ஸ்கிரிப்டின் உள்தள்ளலுக்கு டேப், உரைக்குச் சொந்தமான உள்தள்ளலுக்கு இடைவெளி என்று பிரித்துக்கொள்ள வேண்டும்: ஷெல் டேப்பை நீக்கும், இடைவெளி உரையோடு போய்ச்சேரும். டேப்பையும் இடைவெளியையும் ஒரே வரியில் கலப்பது பொதுவாகக் கண்டிக்கப்படும் செயல். இங்கே மட்டும் அதுவே சரியான முறை. மேக்ஃபைலுக்கான உரையை இந்த வடிவத்தால் எழுதவே கூடாது, ஏனென்றால் அதற்குத் தேவையான டேப்பையும் ஷெல் எடுத்துக்கொள்ளும். அங்கே << என்ற பழைய வடிவத்தையே பயன்படுத்தி, முடிவுச்சொல்லை முதல் கட்டத்தில் வைப்பதே பாதுகாப்பு. அழகு சற்றுக் குறைந்தாலும் பெரும்பாலான ஸ்கிரிப்டுகளுக்கு நான் பரிந்துரைப்பதும் அந்த வடிவத்தைத்தான்.

யாமலுக்குள் ஷெல் ஸ்கிரிப்ட் வரும்போது இரண்டு விதிகள் அடுத்தடுத்துச் செயல்படுகின்றன. தானியங்கிக் கட்டமைப்புக் கோப்புகளில் செங்குத்துக்கோட்டுக் குறிக்குக் கீழே ஸ்கிரிப்டை எழுதுகிறோம். அந்தத் தொகுதியின் முதல் வரியில் எத்தனை இடைவெளிகள் இருக்கின்றனவோ அத்தனையை யாமல் எல்லா வரிகளிலிருந்தும் வெட்டிவிட்டுத்தான் ஷெல்லிடம் தருகிறது. ஆகவே கோப்பில் 10 இடைவெளி தள்ளி நிற்கும் முடிவுச்சொல், தொகுதியின் முதல் வரியும் 10இல் நின்றால், ஷெல்லுக்கு முதல் கட்டத்தில் இருப்பதாகவே தெரியும். அதைப் பிழை என்று எண்ணி இடது ஓரத்துக்கு இழுத்தால் யாமலின் தொகுதி அங்கேயே முடிந்து, கோப்பே கெட்டுவிடும்.

ஹியர்-டாக்குமென்ட்டுக்கு வெளியே, ஷெல் தான் கையாளும் தரவின் உள்தள்ளலை அழிப்பதும் அதிகம் நடக்கிறது. ஐஎஃப்எஸ் என்னும் மாறியின் இயல்பான மதிப்பு இடைவெளி, டேப், வரிமுடிவு ஆகிய மூன்று. ரீட் கட்டளை ஒரு வரியைப் படிக்கும்போது அதன் இரு முனையிலும் உள்ள இந்த வெற்றிடங்களை நீக்கிவிட்டே மாறியில் வைக்கும். ஒரு யாமல் கோப்பை வரிவரியாகப் படித்து ஒரு மதிப்பை மட்டும் மாற்றி எழுதும் ஸ்கிரிப்ட், எல்லா வரிகளையும் இடது ஓரத்தில் சமமாக நிறுத்திய கோப்பைத் தருவது இதனால்தான். ரீட் கட்டளைக்கு முன்னால் அதே வரியில் ஐஎஃப்எஸ் மாறியை வெறுமையாக வைத்து, எதிர்ச்சாய்கோட்டை அப்படியே விடச்சொல்லும் ஆர் விருப்பத்தையும் சேர்த்தால் வரி முழுமையாக வரும். அதோடு நின்றுவிடக் கூடாது. மாறியை வெளியிடும்போது அதை இரட்டை மேற்கோளுக்குள் வைக்காவிட்டால், ஷெல் அதைச் சொற்களாகப் பிரித்து, எக்கோ கட்டளை அவற்றை ஒற்றை இடைவெளியால் இணைத்து அச்சிடும். பாடுபட்டுக் காத்த உள்தள்ளல் கடைசி அடியில் போய்விடும்.

வெளிநாட்டுச் சேவையகத்துடன் எஸ்எஸ்எச் என்னும் தொலைஇணைப்பு வழியே இணைந்து, இங்கே எழுதிய ஸ்கிரிப்டை அங்கே முனையத்தில் நேரடியாக ஒட்டுவது ஆதரவுப் பணியில் இருப்பவர்களின் அன்றாடப் பழக்கம். அந்த நிலையில் டேப் என்பது உள்தள்ளல் அல்ல, பெயரை நிறைவுசெய்யும் விசை. இரண்டு நிலை உள்தள்ளிய வரியின் இரண்டு டேப்புகள், நூற்றுக்கணக்கான கட்டளைகளைக் காட்டட்டுமா என்று பாஷைக் கேட்கவைக்கும். ஒட்டப்படும் உரையின் அடுத்த எழுத்துகள் அந்தக் கேள்விக்கு விடையாகப் போகும். ஒட்டப்பட்ட உரையைத் தனியாக அடையாளம் காணும் வசதி, 2020 டிசம்பரில் வெளியான பாஷ் 5.1 முதல் இயல்பாகவே இயங்குகிறது. பழைய பதிப்பு ஓடும் சேவையகங்களில் கோப்பாக அனுப்பி இயக்குவதே தகும்.

எடிட்டர் செய்யும் வேலை

டேப் விசையை அழுத்துவதும் கோப்பில் டேப் எழுத்து பதிவதும் வெவ்வேறு செயல்கள். இடையில் நின்று முடிவெடுப்பது எடிட்டர். விம் எடிட்டரில் இதற்கு நான்கு அமைப்புகள் இருப்பது புதியவர்களைக் குழப்புகிறது: டேப்ஸ்டாப், கோப்பில் உள்ள டேப் எத்தனை கட்டமாகத் தெரிய வேண்டும் என்பது, ஷிஃப்ட்விட்த், ஒரு நிலை உள்தள்ளலின் அளவு, சாஃப்ட்டேப்ஸ்டாப், விசையை அழுத்தினால் எத்தனை கட்டம் நகர வேண்டும் என்பது, எக்ஸ்பேண்ட்டேப், டேப்புக்குப் பதில் இடைவெளியை எழுத வேண்டுமா என்பது. டேப்ஸ்டாப்பை 8இலேயே விட்டு, நடுவில் உள்ள இரண்டையும் 4 ஆக்கி, எக்ஸ்பேண்ட்டேப்பை இயக்கிவிட்டால் கோப்பு எந்த முனையத்திலும் ஒரேபோல் தெரியும். மேக்ஃபைலைத் திறக்கும்போது விம்மின் கோப்புவகை அமைப்பு எக்ஸ்பேண்ட்டேப்பைத் தானே நிறுத்திக்கொள்ளும். அந்தக் கோப்புவகை வசதியை இயக்காமல் விட்டவர்களுக்குத்தான் மேக் தொல்லை தருகிறது. விஎஸ் கோட் எடிட்டர், திறந்த கோப்பில் ஏற்கெனவே உள்ள உள்தள்ளலை ஆராய்ந்து அதையே பின்பற்றப் பார்க்கும். குழுவாக வேலைசெய்யும் இடத்தில் எடிட்டர்கள் படித்துக்கொள்ளும் எடிட்டர்கன்ஃபிக் கோப்பு ஒன்றைத் திட்டத்தின் வேரில் வைத்து, பைத்தானுக்கு 4 இடைவெளி, மேக்ஃபைலுக்கு டேப், யாமலுக்கு 2 இடைவெளி என்று கோப்புவகைவாரியாக எழுதிவிடுவதே ஆளுக்கொரு எடிட்டர் வைத்திருக்கும் நிலைக்குப் பொருந்தும்.

எத்தனை கட்டம் என்ற கேள்விக்கு 1983இல் பென் ஷ்நைடர்மனும் உடன் ஆய்வாளர்களும் பாஸ்கல் நிரலைக் கொண்டு சோதனை நடத்தி, 2 முதல் 4 வரையிலான அளவே புரிதலுக்கு உகந்தது என்று கண்டார்கள். லினக்ஸ் கருவின் நடைவழிகாட்டி 8 கட்ட டேப்பையே வைத்திருக்கிறது. மூன்று நிலைக்கு மேல் உள்ளே போனால் நிரலையே திருத்தி எழுத வேண்டும் என்பது அதன் வாதம். கோ மொழியின் ஒழுங்குபடுத்தும் கருவி டேப்பைக் கட்டாயமாக்கி விவாதத்தையே முடித்துவைத்தது. இந்த விவாதத்தில் நான் கனமாகக் கருதும் வாதம் பார்வைக் குறைபாடுள்ள நிரலாளர்களிடமிருந்து வருகிறது. 40 கட்டங்கள் கொண்ட பிரெய்ல் திரையில், மூன்று நிலை உள்தள்ளல் நிலைக்கு 4 இடைவெளியால் எழுதப்பட்டிருந்தால் 12 கட்டங்கள் வெறுமையாகக் கழிந்துவிடும். டேப்பாக இருந்தால் அதன் அகலத்தை அவர் தம் வசதிக்கேற்பச் சுருக்கிக்கொள்ளலாம். மொழியின் மரபு எதையும் கட்டாயப்படுத்தாத இடங்களில், குழுவில் ஒருவர் இப்படிக் கேட்டால் டேப்புக்கு மாறுவதே சரி.

கோப்பில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் பலரும் கேட் கட்டளைக்குப் பெரிய ஏ விருப்பத்தைத் தருவார்கள். தமிழில் விளக்கக்குறிப்பு எழுதியிருந்தால் அது உதவாது: தமிழ் எழுத்துகள் அனைத்தையும் அது குறிகளாக உடைத்துக் காட்டும். லினக்ஸில் பெரிய டி விருப்பம் டேப்புகளை மட்டும் வெளிப்படுத்தி, தமிழை அப்படியே விடும். முனையத்தில் காட்டிய உரையை மவுஸால் தேர்ந்து நகலெடுத்தால் டேப்புகள் இடைவெளிகளாக மாறிவிடும் முனையங்கள் பல இருப்பதால், நண்பர் அனுப்பிய ஸ்கிரிப்ட் ஓடாதபோது முதலில் இதைச் சோதிப்பது நல்லது.

வரியின் முகப்பில் உள்தள்ளுவதும், வரியின் நடுவில் இடைவெளி இட்டுப் பத்திகளை நேர்ப்படுத்துவதும் வேறுவேறு. தமிழில் எழுதுவோருக்கு இரண்டாவது கைகொடுக்காது. "சென்னை" என்ற சொல் நம் கணக்கில் 3 எழுத்து. யூனிகோடில் 6 குறியீடு. யூடிஎஃப்-8 வடிவில் 18 பைட். "மதுரை" 3 எழுத்து, 5 குறியீடு, 15 பைட். ஷெல்லின் பிரின்ட்எஃப் கட்டளைக்கு 20 கட்டம் என்று அகலம் தந்தால், போசிக்ஸ் விதிப்படி அது பைட்டையே எண்ணும். சென்னைக்குப் பின் 2 இடைவெளியும் மதுரைக்குப் பின் 5 இடைவெளியும் இடும். பைத்தான் குறியீட்டை எண்ணி 14, 15 என்று இடும். எழுத்துருவில் னையும் துவும் எடுத்துக்கொள்ளும் அகலம் இந்த இரண்டு கணக்குக்கும் கட்டுப்படாது. பட்டியலை நேர்ப்படுத்த விரும்பினால் டேப்பால் பிரித்து, அகலமான நிறுத்தங்களை அமைத்துக்கொள்வதே வழி. நிரலின் விளக்கக்குறிப்புகளை வரியின் வலப்புறத்தில் நேர்ப்படுத்த முயல்வதைக் கைவிட்டு, அதே உள்தள்ளலில் மேல்வரியில் எழுதுவது நல்லது.

பழைய திட்டத்தை மாற்றும்போது

பல ஆண்டுகளாகப் பலர் கைபட்ட திட்டத்தில் உள்தள்ளலை ஒரே சீராக்க முடிவெடுத்தால், அந்த மாற்றத்தை வேறெந்தத் திருத்தத்தோடும் கலக்காமல், மாற்றங்களின் வரலாற்றைப் பதிவுசெய்யும் கிட்டில் தனியாகப் பதிய வேண்டும். 2019இல் வந்த கிட் 2.23 முதல், அப்படிப்பட்ட பதிவுகளின் அடையாளத்தை ஒரு கோப்பில் எழுதிவைத்து, வரியை யார் எழுதினார் என்று தேடும்போது அவற்றைத் தவிர்க்கச்சொல்ல முடியும்.

மாற்றம் நிரலின் பொருளைத் தொடவில்லை என்று உறுதிசெய்ய, வெற்றிடத்தைப் புறக்கணித்து வேறுபாட்டைக் காட்டும் விருப்பத்தைப் பலரும் நம்புகிறார்கள். சி நிரலுக்கு அது பெரும்பாலும் போதும். பைத்தானுக்குப் போதாது, ஏனென்றால் வளையத்துக்குள் நழுவிய அந்த ஒற்றை வரியையும் அது காட்டாமல் மறைத்துவிடும். அங்கே முன்னும் பின்னுமான நிரல்களின் தொடரியல் மரத்தை பைத்தானின் ஏஎஸ்டி தொகுப்பால் எடுத்து ஒப்பிட வேண்டும். ஷெல்லுக்கு, செயற்கூறுகளை டிக்ளேர் கட்டளையால் அச்சிட்டு ஒப்பிடலாம்: பாஷ் தன் சொந்த 4 இடைவெளி உள்தள்ளலோடு அவற்றை மீண்டும் எழுதிக்காட்டும், ஹியர்-டாக்குமென்ட்டின் உரையை மட்டும் தான் படித்தபடியே விடும். அந்த உரையில் ஒரு வரி மாறியிருந்தாலும் ஒப்பீட்டில் தெரிந்துவிடும். செயற்கூறுக்கு வெளியே உள்ள ஹியர்-டாக்குமென்ட்டுகளை இந்த முறை எட்டாது. << குறி இருக்கும் இடங்களைத் தேடி, ஸ்கிரிப்டின் தவறுகளைக் காட்டும் ஷெல்செக் கருவியை ஓட்டி, முடிவுச்சொற்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.